ஜெனரேட்டருக்குக் கீழே தாய்மாமன்

அருப்புக்கோட்டையில் நான் உட்கார்ந்து வேலை செய்யும் மாடி அறைக்கு வெளியே ஒரு பலகை தொங்குகிறது. ஒலிப்பதிவு, இசைக்கருவி பழுதுபார்ப்பு, இணையதள வடிவமைப்பு என்று அதில் மூன்று தொழில்களை எழுதியிருக்கிறேன். கீபோர்டு வாசிப்பதும் உண்டு. அதை மட்டும் எழுதவில்லை. எழுதினால், "சும்மா ஒரு பாட்டு வாசிங்க, கேட்டுட்டுப் போறேன்" என்று படியேறி வந்துவிடுகிறார்கள். பலகையில் உள்ளதைப் படித்துவிட்டு மிக்சியோடு வருகிறவர்களும் இருக்கிறார்கள். ஒருவர் மூன்று தொழிலையும் நிதானமாக வாசித்து முடித்து, ஜெராக்ஸ் எடுக்க முடியுமா என்று கேட்டார்.

இதற்கு முன் மதுரையில் ஒரு நாளிதழில் பக்கம் கட்டிக்கொண்டிருந்தேன். எந்தச் செய்தி மடிப்புக்கு மேலே, எது கீழே, யாருடைய படம் எத்தனை பத்தி அகலம் என்று முடிவு செய்யும் வேலை. வேலை எளிது. மறுநாள் காலையில் வரும் தொலைபேசிகள் எளிதல்ல. தன் படம் பக்கத்து வார்டுக்காரரின் படத்தைவிடச் சின்னதாக வந்ததற்காக ஒருவர் ஸ்கேலோடு அலுவலகத்துக்கு வந்திருக்கிறார். அந்தப் பயிற்சி இணையதள வேலைக்கு உதவும் என்று நினைத்துத்தான் இதற்கு வந்தேன். உதவியது என்றுதான் சொல்ல வேண்டும். தப்பு நடந்தபோது அது எங்கே நடந்தது என்று மற்ற எல்லோரையும்விட எனக்குச் சீக்கிரம் புரிந்தது.

அறைக்குப் பின்னால் விசைத்தறிக் கூடம். மின்சாரம் இருக்கும்வரை தறி ஓடும். தறி ஓடும்வரை குரல் பதிவு செய்ய முடியாது. ஆகவே மின்சாரம் போனதும், யு.பி.எஸ். உயிரோடு இருக்கும் கொஞ்ச நேரத்துக்குள், விளம்பரம் பேசுகிறவரை மைக் முன்னால் நிறுத்திப் பேசவைப்பேன். ஆள் கிடைக்காவிட்டால் நானே பேசிவிடுவேன். எங்கள் ஊர் ஜவுளிக்கடை விளம்பரங்களில் குரல் கொஞ்சம் பதறினாற்போல் இருப்பதற்கு ஆடித் தள்ளுபடி மட்டும் காரணமல்ல.

பழுதுபார்க்க வருவதில் பாதி கீபோர்டு, பாதி ஆம்ப்ளிஃபயர். கீபோர்டைத் திறந்தால் அது போய்வந்த கல்யாணங்களெல்லாம் உள்ளே கிடக்கும். அட்சதை அரிசி, குங்குமம், கரிசல் மண். ஒரு முறை மூக்குத்தியின் திருகாணி ஒன்று கிடைத்தது. எந்த வீட்டில் அதைத் தேடினார்களோ, யாரைச் சந்தேகப்பட்டார்களோ தெரியவில்லை. ஆம்ப்ளிஃபயரைத் திறந்தால் பெரும்பாலும் பல்லி.

இந்த ஆம்ப்ளிஃபயர்களில் அதிகம் அனுப்புகிறவர் காரியாபட்டி சாலையில் மைக் செட் கடை வைத்திருக்கும் அண்ணன். சொந்த அண்ணன் இல்லை. நான் அப்படிக் கூப்பிடுகிறேன். சுற்றுவட்டாரத்தில் எந்தக் கோயில் கொடை, எந்தச் சடங்கு வீடு என்றாலும் வேப்பமரத்தில் ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டுவது அவர்தான். எனக்குக் கீபோர்டு வாசிக்கும் வேலையும் அவர் வழியாகத்தான் வரும். ஒரு நாள் கையில் ஆம்ப்ளிஃபயர் எதுவும் இல்லாமல் படியேறி வந்தார்.

"தம்பி, நமக்கு ஒரு வெப்சைட்டு போடணும்."

"எதுக்குண்ணே? ஒங்களைத் தெரியாத ஆளு இந்தப் பக்கம் யாரு இருக்கா?"

"இந்தப் பக்கத்து ஆளுக்கு இல்லய்யா. குமாரலிங்கபுரத்துல ஜவுளிப் பூங்கா வரப்போகுதுல்ல? வெளியூர்க் கம்பெனிக்காரன் வருவான். வந்தா பூமி பூசை போடுவான். பூமி பூசைக்கு மைக் வேணும். மைக் எங்க கிடைக்கும்னு டீக்கடையில வந்தா கேப்பான்? போன்லதான தேடுவான்?"

இந்த வாதத்தில் எனக்கு ஒரு ஓட்டையும் தெரியவில்லை.

மறுநாள் வாட்சப்பில் படங்கள் வந்தன. ஸ்பீக்கர், மிக்சர், சீரியல் லைட் என்று எதிர்பார்த்தேன். வந்தவை வேறு. முதலில் குலசாமி. அடுத்தது கறுப்புக் கண்ணாடியோடும் காதில் போனோடும் அண்ணன். அவருடைய மூத்த அண்ணன், காதில் போனோடு. மூத்த அண்ணனின் மகன்கள், ஆளுக்கொரு போனோடு. அப்புறம் அண்ணனுடைய மனைவியின் தம்பி, அதாவது மச்சினன். அவர் மட்டும் போன் இல்லாமல், இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டபடி இருந்தார். கடைசியாக ஒரு ஜெனரேட்டர்.

போன் போட்டுக் கேட்டேன். "அண்ணே, கம்பெனிக்காரனுக்கு ஒங்க சொந்தக்காரவுக படம் எதுக்கு?"

"என் மூஞ்சியை மட்டும் தனியாப் போட்டா ஊருக்குள்ள என்ன சொல்லுவாக? நாலு காசு வந்ததும் ஆளு தனியாப் போயிட்டான்னு சொல்ல மாட்டாக?"

அவர் மனதில் இருந்தது ஃப்ளெக்ஸ் பேனர். எங்கள் பக்கம் பேனருக்கு ஒரு முறை உண்டு. நடுவில் விசேஷத்துக்குரியவர். இடது பக்கம் பங்காளிகள். வலது பக்கம் பெண் எடுத்த வீட்டார். இடது பக்கத்தில் மூத்தவர் எந்த அளவோ, வலது பக்கத்தில் மச்சினன் அதே அளவு. இதில் ஒரு விரல் கூடக் குறைய இருந்தால் அந்த விசேஷத்துக்கு ஆள் குறையும். நாளிதழிலும் ஏறக்குறைய இதுதான் முறை என்பதால் எனக்குக் கஷ்டமாக இல்லை. மூன்று பத்தி கட்டினேன். இடதில் பங்காளிகள், நடுவில் அண்ணனும் அவர் தொழிலும், வலதில் மச்சினன்.

அண்ணன் வந்து என் பெரிய மானிட்டரைப் பார்த்தார். மூத்தவர் படத்தின் மேல் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்து வைத்தார். விரல்களை மடக்காமல் அப்படியே நகர்த்தி மச்சினன் படத்தின் மேல் வைத்தார். சரியாக இருந்தது.

"அம்புட்டுத்தான். ஏத்திரு."

ஏற்றினேன். அன்றே அவருடைய கடை விளம்பரத்தையும் என் குரலில் பதிவு செய்து பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். மின்சாரம் போயிருந்தது.

அப்போது அண்ணன் வீட்டில் ஒரு விசேஷம் குறித்திருந்தார்கள். கல்யாணமாகி நெடுங்காலம் கழித்துப் பிறந்த ஒரே மகளுக்குக் குலசாமி கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்து. குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார்ந்தால்தான் காது குத்துவார்கள். அண்ணனின் மனைவியை நான் மதினி என்று கூப்பிடுவேன். மதினிக்கு உடன்பிறந்தவர் அந்த ஒரு தம்பிதான். ஆகவே இருந்தது ஒரே மடி.

சில நாளில் அண்ணன் போன் பண்ணினார். "தம்பி, கடையைப் பூட்டிராதீக. வாரேன்."

வந்தவர் உட்காரவில்லை. போனை என் முன்னால் நீட்டினார். நான் போட்ட வெப்சைட்டைத்தான் போனில் திறந்து வைத்திருந்தார். நான் விரலால் மேலே தள்ளிக்கொண்டே போனேன். குலசாமி. பங்காளிகள். அண்ணன். எங்கள் சேவைகள். குழாய் ஸ்பீக்கர். சீரியல் லைட். தள்ளத் தள்ள மச்சினன் வரவில்லை. கடைசியாக, 'ஜெனரேட்டர் வாடகைக்குக் கிடைக்கும்' என்று கொட்டை எழுத்தில் ஒரு தலைப்பு, அதன் கீழே ஜெனரேட்டர், அதன் கீழே இரண்டு கையையும் கூப்பியபடி மச்சினன்.

மானிட்டர் அகலமானது. மூன்று பத்தியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். போன் குறுகலானது. அதில் முதல் பத்தி முடிந்து இரண்டாம் பத்தி, அது முடிந்து மூன்றாம் பத்தி என்று ஒன்றின் கீழ் ஒன்றாக விழும். இது எல்லா வெப்சைட்டிலும் நடப்பதுதான். அங்கெல்லாம் மூன்றாம் பத்தியில் விளம்பரம் இருக்கும், தேதி இருக்கும். மச்சினன் இருக்க மாட்டார்.

பக்கம் கட்டியவன் கண்ணோடு பார்த்தால் அது மிகத் தெளிவான பக்கம். தலைப்பு, பொருள், அதற்குப் பொறுப்பான ஆள். யாருக்கும் சந்தேகம் வராது. வரவும் இல்லை.

மச்சினன் திருச்சுழியைத் தாண்டி ஒரு கிராமத்தில் கரி வியாபாரம் செய்கிறவர். சீமைக்கருவேல மரத்தை வெட்டி, மண் மூடிய மூட்டத்தில் எரித்து, கரியை லோடு லோடாக வெளியூருக்கு அனுப்புவார். அங்கே லாரி டிரைவர் ஒருவர் எல்லார் முன்னாலும் போனைக் காட்டி, "என்னண்ணே, கரியை விட்டுட்டு ஜெனரேட்டர் ஆப்பரேட்டராப் போயிட்டீகளா? சொல்லவே இல்ல?" என்று கேட்டிருக்கிறார். அது அங்கே நிற்கவில்லை. யாரோ அந்தப் பக்கத்தைப் படம் பிடித்துச் சொந்தக்காரர்கள் வாட்சப் குழுவில் போட்டார்கள். பக்கத்து ஊரிலிருந்து ஒருவர் நிஜமாகவே போன் பண்ணி, பொங்கல் விழாவுக்கு ஜெனரேட்டர் வருமா, ஆப்பரேட்டர் சாப்பாடு யார் பொறுப்பு என்று விசாரித்தார்.

மச்சினன் அன்றே அக்காவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "ஆப்பரேட்டர் மடியில வச்சு யாராச்சும் காது குத்துவாகளாக்கா? வேற மாமனைப் பாத்துக்கங்க."

வேறு மாமன் கிடையாது என்பது அவருக்கும் தெரியும்.

நான் உட்கார்ந்த இடத்திலேயே மாற்றினேன். போனில் திறந்தாலும் மச்சினன் அண்ணனுக்குப் பக்கத்தில் மேலே வரும்படி வைத்தேன். அண்ணன் விரல்களை விரித்து இந்த முறை போனின் மேல் அளந்து பார்த்தார். சரியாக இருந்தது. ஆனால் மச்சினன் போனில் பழைய பக்கமேதான் வந்துகொண்டிருந்தது. ஒரு தடவை பார்த்ததைப் பிடித்துவைத்துக்கொண்டு அதையே திரும்பக் காட்டும் பழக்கம் போன்களுக்கு உண்டு, சொந்தக்காரர்களைப் போலத்தான். அண்ணன் இதை மச்சினனுக்கு போனில் விளக்கப் பார்த்தார். பாதியிலேயே அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள்.

"நேர்ல போயித்தான் கூப்பிடணும்" என்றார் மதினி. "தம்பியும் கம்ப்யூட்டரை எடுத்துக்கிட்டு வரட்டும்."

அண்ணனின் லோடு ஆட்டோவில் போனோம். முன்னால் அண்ணனும், வெற்றிலை பாக்கு பழத் தட்டோடு மதினியும். பின்னால் இரண்டு குழாய் ஸ்பீக்கருக்கு நடுவில் லேப்டாப்போடு நான். திருச்சுழி தாண்டியதும் சாலையின் இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம் தவிர வேறெதுவும் இல்லை. கரிக்கடைக்குக் கொஞ்சம் முன்னாலேயே அண்ணன் வண்டியை நிறுத்தினார்.

"நீங்க போயிட்டு வாங்க. நான் எறங்க மாட்டேன். அவன் வந்து கூப்பிடட்டும்."

"அவனைக் கூப்பிடத்தான் நாம வந்திருக்கோம்" என்றார் மதினி.

"அப்ப நீ கூப்பிடு. நான் வண்டியைப் பாத்துக்கறேன்."

"இந்தப் பொட்டல்ல ஒங்க குழாயை யாரு தூக்கிட்டுப் போகப் போறா?"

அண்ணன் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கரிக்கடை என்பது தகரக் கொட்டகை. மூட்டைகள், எடை மெஷின், மரம் அறுக்கும் டீசல் என்ஜின் ஒன்று, பிளாஸ்டிக் நாற்காலிகள். நாற்காலிகள் எந்த நிறத்தில் வாங்கப்பட்டவை என்று இப்போது சொல்ல முடியாது. மச்சினன் எழுந்து வந்து அக்காவின் கையிலிருந்து தட்டை வாங்கி மூட்டையின் மேல் வைத்தார். அழைப்பாக ஏற்று வாங்கினாரா, கை வலிக்குமே என்று வாங்கி வைத்தாரா என்பது தெரியவில்லை. அக்காவுக்கு நாற்காலியைத் துண்டால் துடைத்துப் போட்டார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"இவரு?"

"வெப்சைட்டு போட்ட தம்பி."

"ஓ, நீங்கதானா? ஒங்களைத்தான் பாக்கணும்னு இருந்தேன். எனக்குப் பகல் டூட்டியா, ராத்திரி டூட்டியா?"

கரி அள்ளிக்கொண்டிருந்த இரண்டு பேர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். தோள் குலுங்கியது தெரிந்தது.

நான் லேப்டாப்பைத் திறந்து புதிய பக்கத்தைக் காட்டினேன். அவருடைய போனை வாங்கி, பிடித்துவைத்திருந்த பழையதை அழித்து, புதியதைத் திறந்து காட்டினேன். திரையில் கரித்தூள் ஒட்டியிருந்ததால் துடைத்துக் காட்டினேன். அவர் போனை நேராகப் பிடித்துப் பார்த்தார். குறுக்கே திருப்பிப் பார்த்தார். மறுபடி நேராகப் பிடித்தார்.

"இப்பச் சரியாத்தான் இருக்கு. என்னைக் கீழ போட்டதை ஊரே பாத்துச்சு. மேல தூக்கி வச்சதை யாரு பாத்தா? நீங்களும் நானும்."

இதை நான் மறுக்க முடியாது. நாளிதழில் தவறு முதல் பக்கத்தில் வரும், திருத்தம் உள்பக்கத்தில் ராசிபலனுக்குக் கீழே வரும். அந்தத் திருத்தங்களையும் நான்தான் கட்டியிருக்கிறேன்.

"மச்சான் விரலை வச்சு அளந்து பாத்தாராமே?" என்றார்.

"ஆமா. ரெண்டு படமும் ஒரே அளவுன்னு பாத்துத்தான் சரின்னாரு."

"எதுல அளந்தாரு? கம்ப்யூட்டர்ல. எங்க ஊருல கம்ப்யூட்டர் யாருகிட்ட இருக்கு?"

மதினி அதுவரை டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார்.

"தம்பி, அந்தக் கம்ப்யூட்டரை மூடுங்க" என்றார் என்னிடம். பிறகு தம்பியிடம் திரும்பினார். "ஏலே, பிள்ளை காதைத் தொட்டுத் தொட்டுக் காட்டுது. மாமா தோடு கொண்டாருவாகன்னு நான்தான் சொல்லி வச்சிருக்கேன். நீ வரலைன்னா, அன்னைக்கு நீயே நேர்ல வந்து அதுகிட்ட வர மாட்டேன்னு சொல்லிட்டுப் போ."

மச்சினன் வாயைத் திறந்தார். இதில் எங்கோ ஒரு சிக்கல் இருப்பது அவருக்குத் தெரிந்தது. எங்கே என்று உடனே பிடிபடவில்லை.

"பாப்போம்" என்றார். கொஞ்சம் கழித்து, "மச்சான் எங்க?"

"வண்டியைப் பாத்துக்கிட்டு இருக்காக."

கரி அள்ளுகிறவர்களில் ஒருவரிடம் டீ கொடுத்துச் சாலைக்கு அனுப்பினார். நாங்கள் வண்டிக்குத் திரும்பி வந்தபோது அண்ணன் காலி டம்ளரோடு உட்கார்ந்திருந்தார்.

"சீனி கம்மி" என்றார்.

"குடிச்சுட்டீகள்ல?" என்றார் மதினி.

"டீ குடுத்துவிட்டவன் வராம இருக்க மாட்டான்" என்றார் அண்ணன். திருச்சுழி வரும்வரை இதே வாக்கியத்தை வேறு வேறு விதமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். பின்னால் குழாய்களுக்கு நடுவில் எனக்கு அது நன்றாகவே கேட்டது. சீனி கம்மியானதற்கு என்ன அர்த்தம் என்று மதினி கேட்ட பிறகு நிறுத்திக்கொண்டார்.

குலசாமி கோயில் காட்டுக்குள் இருக்கிறது. பிரதான சாலையிலிருந்து மண் பாதை பிரியும் இடத்தில், விசேஷத்தன்று காலையில், யாரும் எதிர்பாராத ஒரு ஃப்ளெக்ஸ் நின்றது. மச்சினன் வைத்தது. பேனர் முழுக்க மச்சினன், கறுப்புக் கண்ணாடியும் காதில் போனுமாக. நடுவில் குழந்தை. குழந்தைக்குக் கீழே மதினி. அண்ணனைத் தேட வேண்டியிருந்தது. வலது பக்கம் கீழ் மூலையில், பேனர் அடித்த கடையின் பெயருக்கு மேலே, தபால்தலை அளவில் இருந்தார்.

அண்ணன் கிட்டே போய் விரல்களை விரித்தார். தன் படத்துக்கு இரண்டு விரல் தேவைப்படவில்லை.

"தம்பி, என் தலை அவன் மூக்குக்குக் கூட வரலையேய்யா" என்றார்.

கோயிலுக்குத் திரும்பி வந்து, ஜெனரேட்டர் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, வாசல் வளைவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். வழக்கமாக மைக்கில் வரவேற்பு சொல்வது அவர்தான். அதையும் என்னிடம் தள்ளிவிட்டார்.

மதினி வந்து பார்த்தார். "நல்லா உக்காருங்க. அப்பன் இல்லாமக் காது குத்திரலாம். மாமன் இல்லாமத்தான் குத்த முடியாது."

குழந்தைக்கு மொட்டை போட்டுச் சந்தனம் பூசியிருந்தது. ஆசாரி ஊசியைத் துடைத்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். நல்ல நேரம் முடிவதற்கு இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. எல்லாரும் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மேளச் சத்தம் கேட்டது. மச்சினன் வந்துவிட்டார். பட்டு வேட்டி, கழுத்தில் மாலை, பின்னால் சீர்த்தட்டு ஏந்திய பெண்கள், அவர்களுக்கும் பின்னால் ஒரு ஆட்டுக்கிடா. அப்பாடா என்று மதினி கண்ணை மூடித் திறந்தார். நான் பென் டிரைவ் பாட்டை நிறுத்திவிட்டு, கீபோர்டில் ஒரு கையும் மைக்கில் ஒரு கையுமாக, "தாய்மாமன் அவர்களை வருக வருக என" என்று ஆரம்பித்தேன்.

மின்சாரம் போனது.

குழாய்கள் அடங்கின. மச்சினன் வளைவுக்கு அந்தப் பக்கம் நின்றார். கையைத் தூக்கினார். மேளமும் நின்றது.

"மச்சான் மைக்கை அமத்திட்டாரு" என்று அவர் பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்.

நடந்ததை வைத்துப் பார்த்தால் நியாயமான முடிவுதான். ஊரில் எந்த மைக் எப்போது பேச வேண்டும் என்று தீர்மானிக்கிறவர் அண்ணன். அவருடைய சொந்த விசேஷத்தில், மச்சினன் வந்து நின்ற அந்த நொடியில் மைக் ஊமையாகிறது. அதோடு அண்ணன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பது வளைவிலிருந்தே தெரிந்தது.

"வாங்கன்னு சொல்ல வாய் இல்லாத இடத்துக்குள்ள நான் எதுக்கு வரணும்?" என்றார் மச்சினன்.

அண்ணன் துள்ளி எழுந்தார். "ஏலே, கரண்டு போயிருச்சுய்யா! சாமி சத்தியமா கரண்டு!" அவர் கத்தியது வளைவு வரைகூடப் போய்ச் சேரவில்லை. மைக் இல்லாமல் அவர் பேசி ஊரில் யாரும் கேட்டதில்லை. அது அவருக்கும் அப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும். ஓடிப்போய் ஜெனரேட்டரில் கைப்பிடியை மாட்டிச் சுற்றினார். அது இருமியது. மறுபடி சுற்றினார். மறுபடி இருமியது. ஜெனரேட்டர் ஆப்பரேட்டர் அன்று காரியாபட்டியில் வேறொரு கல்யாணத்தில் இருந்தார்.

மதினி வளைவுக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவில், மொட்டைத் தலைக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். எந்தப் பக்கம் போவதென்று அவருக்குத் தெரியவில்லை. குழந்தை மாமாவைப் பார்த்துவிட்டுத் தன் காதைத் தொட்டுக் காட்டியது.

அண்ணன் விடாமல் சுற்றிக்கொண்டிருந்தார். அந்த இருமலைக் கேட்கக் கேட்க மச்சினன் முகம் மாறியது. தினமும் டீசல் என்ஜினோடு மல்லுக்கட்டுகிறவர். கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். அப்புறம் மாலையைக் கழற்றிப் பக்கத்தில் நின்றவர் கையில் கொடுத்துவிட்டு, பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வளைவைத் தாண்டி விறுவிறுவென்று வந்தார். நேராக ஜெனரேட்டர் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"டீசல் இருக்கா?"

"நேத்துத்தான் ஊத்தினேன்" என்றார் அண்ணன், மூச்சு வாங்கியபடி.

"தீர விட்டுட்டு ஊத்தினீகளா?"

அண்ணன் தலையை ஆட்டினார்.

"காத்து புடிச்சிருக்கு. ஸ்பானரைக் குடுங்க."

டீசல் குழாயின் நட்டு ஒன்றைத் தளர்த்தினார். நுரைத்துக்கொண்டு காற்று வந்தது, பிறகு டீசல் வந்தது. இறுக்கினார். "இப்பச் சுத்துங்க." அண்ணன் சுற்றினார். பிடித்துக்கொண்டது. கரும்புகை எழுந்தது. சீரியல் லைட்டுகள் எரிந்தன.

பென் டிரைவைச் செருகிப் பாடவைக்கும் பெட்டிக்கு ஒரு குணம் உண்டு. மின்சாரம் போய்த் திரும்பி வந்தால், யாரும் தொடாமல், முதல் பதிவிலிருந்து தானே பாட ஆரம்பித்துவிடும். முதல் பதிவு என் குரலில் இருந்தது. கொஞ்சம் பதற்றமாக, காட்டுக்கே கேட்கும்படி, நான்கு குழாயிலும் ஒலித்தது:

"மைக் செட், சீரியல் செட், மற்றும் ஜெனரேட்டர் வாடகைக்குக் கிடைக்கும்!"

மச்சினன் ஜெனரேட்டர் பக்கத்தில் ஸ்பானரோடு நின்றுகொண்டிருந்தார். முழங்கை வரை டீசல். நான் பாய்ந்து பென் டிரைவைப் பிடுங்கினேன். அத்தனை பேரும் அவரைப் பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்தால் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

முதலில் சிரித்தது மதினி. அடக்கத்தான் பார்த்தார். இடுப்பிலிருந்த குழந்தை குலுங்கியது, அதனால் குழந்தையும் சிரித்தது. மச்சினன் அக்காவை முறைத்தார். குழாயைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார்.

"சரி" என்றார். "ஆப்பரேட்டர் டூட்டி முடிஞ்சது. மாமன் இனிமேத்தான் வரணும்."

ஸ்பானரை அண்ணன் கையில் கொடுத்துவிட்டு, வந்த வழியே வளைவுக்கு வெளியே திரும்பிப் போனார். ஒருவர் சொம்பில் தண்ணீர் ஊற்ற, கையைக் கழுவினார். மடித்த வேட்டியை இறக்கிவிட்டார். மாலையை வாங்கிப் போட்டுக்கொண்டார். மேளக்காரர்களைப் பார்த்துத் தலையை அசைத்தார். மேளம் தொடங்கியது.

அண்ணன் என் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினார். அப்படி ஒரு வரவேற்பை நான் கேட்டதில்லை. திருச்சுழியின் கரி வேந்தர் என்றார். வள்ளல் என்றார். என் உடன்பிறவாத தம்பி என்றார். மச்சினன் ஒவ்வோர் அடியாக எடுத்து வைத்தார். அண்ணன் முடிக்கும்வரை அவர் வேகமாக நடக்கவில்லை. ஆசாரிதான் நேரமாகிறது என்று கையைக் காட்டினார்.

குழந்தை மாமா மடியில் உட்கார்ந்தது. முதல் காதில் ஊசி இறங்கியதும் அது போட்ட சத்தத்துக்கு மைக் தேவைப்படவில்லை. ஆனாலும் அண்ணன் மைக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றார். இரண்டாவது காதுக்குக் குழந்தை தலையைத் திருப்பித் திருப்பி மறுத்தது.

"ஆப்பரேட்டரே, கெட்டியாப் புடிங்க" என்றார் மதினி.

மைக் அதையும் எடுத்து ஒலிபரப்பியது. இந்த முறை எல்லாரும் சிரித்தார்கள். மச்சினனும் சிரித்துக்கொண்டேதான் குழந்தையின் தலையைப் பிடித்தார். விரலில் கொஞ்சம் டீசல் கறுப்பு மிச்சமிருந்தது. சந்தனத்தின் மேல் அவர் கட்டைவிரல் அப்படியே பதிந்தது.

வெப்சைட்டின் முதல் பக்கத்தில் இப்போது பத்திகள் இல்லை. அன்று எடுத்த ஒரே படம்தான். மச்சினன் மடியில் குழந்தை, பின்னால் மைக்கோடு அண்ணன், பக்கத்தில் மதினி, அவர்களைச் சுற்றிப் பங்காளிகள். போனை எப்படிப் பிடித்தாலும் யாரும் யாருக்கும் கீழே விழுவதில்லை. ஜவுளிப் பூங்காவிலிருந்து இன்னும் யாரும் கூப்பிடவில்லை. காது குத்துக்குக் கேட்டுப் பலர் கூப்பிடுகிறார்கள்.

நாளிதழில் சேர்ந்த புதிதில் சொல்லித்தந்தபடி, படத்துக்கு அடியில் இந்த முறை ஒரு வரி போட்டேன். யார் யார் என்று இடமிருந்து வலம். அண்ணன் மானிட்டரைப் பார்க்கவில்லை. மச்சினனை நேரே கூட்டிக்கொண்டு படியேறி வந்தார். மச்சினன் தன் போனில் திறந்து, 'தாய்மாமன்' என்ற சொல்லின் மேல் இரண்டு விரலை விரித்து வைத்தார். விரல்களை மடக்காமல் கீழே நகர்த்தி, சேவைகள் பட்டியலில் இருந்த 'ஜெனரேட்டர்' என்ற சொல்லின் மேல் வைத்துப் பார்த்தார். பிறகு போனைக் குறுக்கே திருப்பி, இன்னொரு தடவை அளந்தார்.